படித்துப் போட்ட கையெழுத்து

என் செல்லச் சண்டைக்காரிக்கு,

மீதித் தண்டனையை நம் நாட்டுச் சிறையில் கழிக்கச் சம்மதம் என்று நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போனில் நீ கத்தியது நினைவிருக்கிறது. "அங்கயே இருந்தா நன்னடத்தைக்காக ரெண்டு வருஷத்துல விட்டுடுவாங்க. இங்க வந்தா நாலு வருஷமும் முழுசா உள்ள கிடக்கணும். உங்களுக்குப் புத்தியே கிடையாதா?"

இருந்திருந்தால், முதலாளி நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டு இங்கே வந்திருப்பேனா? முழுதாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட முதல் தாள் இதுதான்.

காரணம் என்ற இடத்தில் 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று எழுதினேன். அதிகாரி என் தொப்பையைப் பார்த்தார். பிறகு பெருந்தன்மையாக முத்திரை குத்தினார்.

மகளைத் திட்டாதே. ரொம்ப நாள் மறைத்துப் பார்த்துவிட்டு, போன வாரம்தான் உன் உடம்பைப் பற்றி எழுதினாள். டாக்டர் எத்தனை மாதம் என்று சொன்னார் என்பதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

அங்குள்ள சிறைக்கு எழுதி விசாரித்தேன். பார்வையாளர் அறை கீழ்த்தளத்தில்தானாம். ஏற ஒரு படிகூட இல்லையாம். நாற்காலிக்குச் சாய்மானம் உண்டாம். சனிக்கிழமைதோறும் அரை மணி நேரம். என்னைத் திட்ட அது போதாது என்றால் சொல், கூடுதல் நேரம் கேட்டு மனுப் போடுகிறேன்.

பக்கத்தில் வந்துகொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்