பக்கத்து நாட்டுக் களஞ்சியம்

மார்ச் 2, சனி

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன். "ராஜா அரியணை ஏறிட்டாரு, இனி வீட்ல யாரும் மூச்சு விடக்கூடாது" என்று சொல்லிவிட்டு மனைவி துணி காயப்போடப் போனாள். சொல்லட்டும். வாரம் முழுக்க, கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து டிரைவிங் சொல்லித் தருகிறவன் நான். சனிக்கிழமை ஒரு நாள் நாடாளக் கூடாதா?

ஐந்து பேர், ஐந்து நாடு. அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில், காதில் போனை மாட்டிக்கொண்டு. துப்பாக்கி புதிதாக வந்த காலத்தில் நடக்கிற ஆட்டம். ஒரே சனிக்கிழமையில் சில வருடங்கள் ஓடிவிடும். என் நாடு முழுக்க மலை. தோண்டினால் இரும்பு, விதைத்தால் ஒன்றும் இல்லை. இரும்பைத் தின்ன முடியுமா? பக்கத்தில் கடலோரமாக என் மச்சினன் நாடு. மனைவியின் தம்பி. என் ஜனங்களுக்குச் சோறு அங்கிருந்துதான் வரவேண்டும்.

இதுவரை எல்லா ஆட்டத்திலும் முதலில் அழிந்தவன் அவன். எங்களோடு ஆடும் பல் டாக்டர் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் 'காலை டிபன்'. இந்த முறை என்ன நினைத்தானோ, படையே சேர்க்காமல் துறைமுகம் கட்டினான், சாலை போட்டான், பெரிய களஞ்சியம் கட்டி மூன்று வருடத்துக்கான தானியத்தைச் சேர்த்து வைத்திருக்கிறான். விலையைக் குறைக்கச் சொன்னேன். "உறவு வேற, வியாபாரம் வேற மாமா. ஒரு வண்டி இரும்புக்கு ஒரு வண்டி தானியம். இஷ்டம்னா எடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

மார்ச் 6, புதன்

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இன்று ஆபரேஷன். மனைவியும் மச்சினனும் திங்கட்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறார்கள்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மச்சினன் என்னைப் பார்த்ததும் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினான். எங்களுக்குள் ஒரு வழக்கம்: யாராவது வர முடியாவிட்டால் நாட்டைப் பக்கத்து நாட்டுக்காரனிடம் காவலுக்கு விடுவது. காவல்காரன் வரி வாங்கலாம், ஜனங்களுக்குச் சோறு போடலாம். சண்டையோ ஒப்பந்தமோ கூடாது. யாரும் மீறியதில்லை.

"நாட்ட நீங்க பாத்துக்குங்க மாமா. களஞ்சியத்துல மட்டும் கை வெக்காதீங்க. ரெண்டு வருஷமா மழை சரியில்ல, பஞ்சம் வரும் போலருக்கு."

"அத்தை உள்ள ஆபரேஷன்ல இருக்காங்க, உனக்கு அந்த மழை பத்திக் கவலையா?"

"இத நெனச்சாத்தான் அத நெனைக்காம இருக்க முடியுது மாமா."

பாஸ்வேர்டை என் போனுக்கு அனுப்பினான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மார்ச் 9, சனி

எழுதவே கை கூசுகிறது. சரி, எழுதித் தொலைக்கிறேன்.

பல் டாக்டர் என் எல்லையில் படையைக் குவித்தார். என் சிப்பாய்களுக்குச் சோறு இல்லை, தினம் நூறு பேர் ஓடிப்போகிறார்கள். திரையில் இடது பக்கம் என் நாடு, வலது பக்கம் அவன் நாடு. வாங்குகிறவனும் நான், விற்கிறவனும் நான். இந்தப் பக்கம் கேட்டேன்: களஞ்சியத்தில் பாதி, விலையாக ஒரே ஒரு வண்டி இரும்பு. அந்தப் பக்கம் போய் 'சம்மதம்' என்று அழுத்தினேன். அவ்வளவுதான். ஒரு சத்தம்கூட வரவில்லை. இந்த ஆட்டத்தில் ஒரு ஒப்பந்தம், அதைப் போட்ட இரண்டு நாட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

கடனாகத்தான் எடுத்தேன். ஜெயித்ததும் திருப்பி வைத்துவிடலாம். விளையாட்டுதானே?

மார்ச் 10, ஞாயிறு

விளையாட்டுதான் என்றால் ஏன் மனைவியிடம் சொல்லவில்லை?

மார்ச் 16, சனி

மீதியையும் எடுத்துவிட்டேன். அதோடு கப்பல் கட்ட அவன் வளர்த்து வைத்திருந்த காட்டையும் வெட்டிக்கொண்டேன். டாக்டரை விரட்டி அவருடைய இரண்டு மாகாணங்களைப் பிடித்தேன். "பயங்கரமான ஆளு சார் நீங்க! வெறும் மலைய வெச்சுக்கிட்டு எப்படி இவ்வளவு பெரிய படைக்குச் சோறு போட்டீங்க?" என்று டாக்டரே கேட்டார். "சிக்கனம் டாக்டர், சிக்கனம்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

இன்றைய ஆட்டத்தின் கடைசி வருடத்தில், மச்சினன் சொன்னது போலவே, பஞ்சம் வந்தது. அவன் நாட்டில் களஞ்சியம் வெறுமை. துறைமுகத்தில் கலகம், தீ. செத்தவர்கள் கணக்கு ஒரு ஓரத்தில் ஏறிக்கொண்டே போனது. என் கையில் தானியம் இருந்தது. அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் படை கலையும், பிடித்த மாகாணம் கையைவிட்டுப் போகும். நூறு வண்டி எடுத்த இடத்துக்கு இரண்டு வண்டி அனுப்பினேன். தூ! அந்த இரண்டு வண்டியை எதற்கு அனுப்பினேன்? என் மனசுக்கு லஞ்சம்.

ஆட்டம் முடிந்ததும் மச்சினன் கூப்பிட்டான். "நம்ம நாடு எப்படி மாமா இருக்கு?"

"ஓடுது" என்றேன்.

மார்ச் 18, திங்கள்

மனைவி குளிக்க வீட்டுக்கு வந்தவள், தலை துவட்டிக்கொண்டே சொன்னாள்: "தம்பி அம்மாகிட்ட அந்த நாட்டக் கதை கதையா சொல்றான். துறைமுகம் எவ்வளவு பெரிசு, எத்தன கப்பல் வருதுன்னு. அம்மாவும் வலி மறந்து கேக்கறாங்க. உருப்படியா அவன் ஒண்ணு கட்டினதே இதுதானாம், அவனே சொல்லிச் சிரிக்கிறான்."

அந்தத் துறைமுகம் இப்போது கரி. நான் தோசைக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன்.

மார்ச் 23, சனி

அவன் திரும்பி வந்தான். நாட்டைத் திறந்தான். ஒவ்வொன்றாக அவன் திறந்து பார்க்கிற மவுஸ் சத்தம் காதில் கேட்டது.

பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னான்: "பஞ்சம் நல்லா வெச்சு செஞ்சிருச்சு போல. பரவால்ல. நாடுன்னு ஒண்ணு மிச்சம் இருக்கே. தேங்க்ஸ் மாமா."

டாக்டர் வேறு, "உங்க மாமா கெட்டிக்காரர், வேற யாராவது இருந்திருந்தா நாடே காணாமப் போயிருக்கும்" என்றார். நான் "சேச்சே" என்றேன். அடக்கமாம்!

மார்ச் 26, செவ்வாய்

மாமியாரை நேற்று மச்சினன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள நாட்ட நீங்கதான் காப்பாத்திக் குடுத்தீங்களாமே மாப்ள?" என்று கேட்டார். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. மகன் சொன்னான், நம்பிவிட்டார். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் சமையலறைக்குப் போய் நின்றேன். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்பார்களே, அது சும்மா இல்லை.

மார்ச் 27, புதன்

என்னிடம் கார் கற்கும் டெய்லரம்மாமீது காலையிலிருந்து எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். வண்டி நகரவில்லை. கடைசியில் அந்த அம்மா, "சார், ஒங்க பக்கத்து பிரேக்க நீங்கதான் அமுக்கிட்டு இருக்கீங்க. கால எடுத்தா நான் ஓட்டுவேன்" என்றார். பார்த்தால், ஆமாம்.

மார்ச் 28, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். இன்று ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் வேலை. மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு, கிரீஸ் வாசனை. மேலே லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து கம்பி வடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். டார்ச் வெளிச்சம் மட்டும் அசைந்தது, முகம் தெரியவில்லை. தெரியாததால்தான் என்னால் பேச முடிந்தது.

"டேய், உன் களஞ்சியத்த நான்தாண்டா எடுத்தேன். பஞ்சம் இல்ல. நான்."

துடைக்கிற சத்தம் நிற்கவில்லை. "தெரியும் மாமா."

"தெரியுமா? எப்ப?"

"தொறந்த ஒடனே. மூணு வருஷத்துக்குச் சேத்தது, ஒரு வருஷப் பஞ்சத்துல தொடச்சு வெச்ச மாதிரி காலியாகுமா?"

"அப்புறம் எதுக்குடா எல்லார் முன்னாடியும் தேங்க்ஸ் சொன்ன?"

"எல்லாரும் லைன்ல இருந்தாங்கல்ல."

"மொத்தத்தையும் திருப்பித் தந்துடறேண்டா. வட்டியோட."

"செத்தவங்களுக்கா மாமா?" சிரித்தது போலிருந்தது. சிரித்தானா என்று தெரியவில்லை. "அக்காகிட்ட நான் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க, வருத்தப்படுவா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, லிஃப்ட எறக்கப் போறேன்."

தள்ளி நின்றேன். கதவு மூடிக்கொண்டது. திட்டியிருக்கலாம் அவன். நாலு வார்த்தை கெட்டதாகத் திட்டியிருந்தால் படியிறங்கி நிம்மதியாக வந்திருப்பேன்.

ஏப்ரல் 6, சனி

தானியத்தை அனுப்பினேன். எடுத்துக்கொண்டான். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் பதிலாகச் சரியாக ஒரு வண்டி மீன் என் எல்லைக்கு வந்து சேர்ந்தது. இனாமாக ஒன்றும் வேண்டாமாம். மற்றபடி, "சாப்டீங்களா மாமா", "வண்டிக்கு டயர் மாத்திட்டீங்களா மாமா" — எல்லாம் பழையபடிதான். ஒரு குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் 13, சனி

அத்தையை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போகிறான், ஆட்டத்துக்கு வரவில்லை. ஆரம்பிக்கும் முன் ஒரு நிமிடம் போனில் வந்து, "டாக்டர் சார், இன்னிக்கு நம்ம நாட்ட நீங்க பாத்துக்குங்க" என்றான்.

டாக்டருக்கே ஆச்சரியம். அவனைக் காலை டிபன் என்றவர், அவன் எல்லையில் பீரங்கி நிறுத்தியிருப்பவர். "என்னப்பா, சொந்த மாமா இருக்கறப்ப எங்கிட்ட ஏன்?"

"மாமாவுக்குப் புதுசா ரெண்டு மாகாணம் சேந்திருக்கு சார். அவருக்கு வேலை அதிகம்."

குரலில் ஒரு துளி குத்தல் இல்லை. எல்லோரும் நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்கள்.

"ஆமா டாக்டர், கொஞ்சம் வேலை அதிகம்தான்" என்றேன்.

காபி கொண்டுவந்த மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். "என்ன, இன்னிக்கு ஒரு நாடுதான் இருக்கு? தம்பியோடது?"

"டாக்டர் பாத்துக்கறாரு."

"அப்பாடா. அவன் நாட்டையும் சேத்துத் தூக்கிச் சொமந்துக்கிட்டு, போன மாசம் ஒங்க மூஞ்சியே சரியில்ல" என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.