கொதிக்க வைத்த ஒயின்

ஹெஸ்தவிக், நார்வே
பிப்ரவரி 1996

மதிப்பிற்குரிய ஆசிரியர் நாஃப்தாலி அவர்களுக்கு,

ஹென்னி காப்லான் எழுதுகிறேன். ஆண்ட்வெர்ப்பில் நீங்களும் உங்கள் வீட்டாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம். வாசலில் பனி இடுப்பளவு கிடக்கிறது. என் கணவர் யூலியுஸுக்கு முழங்கால் வலி. மற்றபடி குறை சொல்ல எனக்கு இப்போது உங்களைத் தவிர வேறு யாருமில்லை.

உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கடிதம் போட்டிருந்தாள். மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் யூதக் குடும்பங்களுக்குக் கல்வி கொண்டுபோகிற உங்கள் சங்கத்துக்கு இருபத்தைந்து வயதாகிறதாம். மலர் போடுகிறீர்களாம். "எங்கள் வீட்டில் ஏற்றிய விளக்கு" என்று நான் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தர வேண்டுமாம். கூடவே என் மகன் ரூபென் சிரித்த முகத்தோடு இருக்கிற படம் ஒன்றும் வேண்டுமாம். சிரித்த முகம் இப்போது கைவசம் இல்லை. எழுதவோ நிறைய இருக்கிறது, அது மலருக்கு ஆகாது. அதனால் நேரே உங்களுக்கே எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நன்றி கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் வருவதற்கு முன் இந்த ஊரில் எங்கள் மூன்று யூத வீடும் இருந்த லட்சணம் எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் பையன்கள் "நீங்கல்லாம் யாருடா, எதக் கும்பிடுறீங்க" என்று கேட்டார்கள் என்று ரூபென் வந்து என் முகத்தைப் பார்ப்பான். நான் யூலியுஸ் முகத்தைப் பார்ப்பேன். யூலியுஸ் ஜன்னலைப் பார்ப்பார். அப்படி இருந்த வீட்டு வாசலில் ஒருநாள் நீங்கள் பேருந்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினீர்கள். கோடைக்கு ஒரு தடவை நீங்கள், மாதத்துக்கு ஒரு தடவை உங்கள் குரல் பதிந்த ஒலிநாடா. ரூபென் அதைக் காதில் மாட்டிக்கொண்டு உங்களோடு கூடக் கூடப் படித்தான். முதல்முறை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் கோப்பையைக் கையில் எடுத்து ஆசீர்வாதத்தைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னபோது யூலியுஸ் தேம்பித் தேம்பி அழுதார். அதையெல்லாம் நான் மறக்கவில்லை.

நீங்கள் சொன்ன எதற்கும் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. புதுப் பாத்திரத்தை இயற்கைத் தண்ணீரில் முக்கி எடுத்த பிறகுதான் புழங்க வேண்டும் என்று ஒலிநாடாவில் சொல்லிவிட்டீர்கள். உங்களுக்கென்ன, சொல்லிவிட்டீர்கள். இங்கே இயற்கைத் தண்ணீர் என்றால் கடல்தான், அதுவும் மார்ச் மாதக் கடல். படகுத்துறைப் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரமாய் முக்கினேன். மீன்பிடிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். "என்ன ஹென்னி, பானைய விட்டா மீன் மாட்டுதா?" என்றான் ஒருவன். "இல்லடா, உப்பு வாங்கச் சோம்பல், கடல்லயே வெச்சு ஆக்குறா" என்றான் இன்னொருவன். விரல் மரத்துப்போய் ஒரு பானையைக் கைநழுவ விட்டேன். பக்கத்து வீட்டு ஹால்வார்தான் படகுக் கொக்கியால் அதை இழுத்துக் கரை சேர்த்தார். "இந்தா புள்ள, ஒங்க சாமிக்கு அலுமினியம் பிடிக்கல போலிருக்கு, திருப்பி அனுப்பிட்டாரு" என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஹால்வாரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்களுக்கு அவரைத் தெரியும். வந்த போதெல்லாம் உங்கள் பெட்டியைத் தூக்கிவந்தவர் அவர்தான். ஆனால் அவர் யார் என்று நீங்கள் கேட்டதில்லை, நாங்களும் சொல்லவில்லை. போர்க்காலத்தில் யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, கைக்குழந்தையாக இருந்த யூலியுஸை மீன்பெட்டியில் படுக்க வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடி, பாதி வழி படகிலும் பாதி வழி பனியில் முதுகில் கட்டிக்கொண்டுமாய் சுவீடன் எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். என் மாமியாரும் அவர் பின்னாலேயேதான் நடந்தார். மாமனாரைக் கூட்டிப்போக ஹால்வார் திரும்பி வருவதற்குள் மாமனாரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எகிப்தில் அடிமையாயிருந்த நம்மவர் விடுதலையானதை நினைக்கிற பஸ்கா இரவில், விடுதலை பெற்றவன் தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்ள மாட்டான், இன்னொருவர் ஊற்ற வேண்டும் என்பது நீங்களும் ஒலிநாடாவில் சொன்ன வழக்கம். அது ஒன்றுதான் நீங்கள் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் இருந்தது. போர் முடிந்து திரும்பிய முதல் பஸ்காவில் என் மாமியார் ஒயின் புட்டியை ஹால்வார் கையில் கொடுத்து, "எம் புள்ளைக்கு விடுதலை ஒங்கையாலதான் வந்துச்சு. நீதான் ஊத்தணும்" என்றாராம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முதல் கோப்பையை ஊற்றுகிறவர் அவர்தான். ரூபென் பேச்சு வந்த நாளிலிருந்து அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான். நடை பழகியதே அவர் படகில்தான்.

போன பஸ்காவுக்கு, நீங்கள் சேர்த்துவிட்ட இங்கிலாந்து வேதப் பள்ளியிலிருந்து ரூபென் வந்தான். அவனுக்கு வேண்டிய தட்டு, வாணலி, சாப்பாடு எல்லாம் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தான். கடல் தண்ணீரில் முக்கிய என் பானைகூட அவனுக்குப் போதவில்லை. போகட்டும், அதை விழுங்கிக்கொண்டேன். மேசையில் உட்கார்ந்தோம். ஹால்வார் யூலியுஸுக்கு ஊற்றினார், எனக்கு ஊற்றினார், ரூபெனுக்கும் ஊற்றினார். அவன் அந்தக் கோப்பையை எடுத்து மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, பையிலிருந்து வேறு புட்டியைத் திறந்தான்.

"என்னடா, நான் ஊத்தினது புளிச்சுப்போச்சா?" என்று ஹால்வார் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ரூபென் முகமெல்லாம் சிவந்துபோய், "இல்ல தாத்தா, உங்க மேல ஒண்ணும் இல்ல. யூதரல்லாதவங்க கைபட்ட ஒயின நாங்க குடிக்கக் கூடாது. சட்டம்" என்றான். "சட்டம்னா சட்டந்தான்" என்றார் அவர். சூப் வரும்வரை இருந்தார். அப்புறம் படகைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போனார். அந்தப் படகை அப்போது இன்னும் கடலிலேயே இறக்கவில்லை, கொட்டகையில்தான் கிடந்தது.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. கோபமா என்றால் அதுவும் இல்லை. வழியில் பார்த்தால் நன்றாகத்தான் பேசுகிறார், வாரா வாரம் மீன் கொண்டுவருகிறார். ஆனால் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். யூலியுஸ் அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அந்தக் கைதான்டா என்னத் தூக்கிட்டுப் போச்சு." அதற்குப் பிறகு அவர் மகனோடு பேசவில்லை. தொலைபேசியில் ரூபென் குரல் கேட்டால் ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுகிறார். நான்தான் நடுவில் கிடந்து சாகிறேன்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். பஸ்காவுக்குப் புளிப்பில்லாத ரொட்டி வேண்டும் என்று ஆஸ்லோவுக்குப் போன் செய்தேன். அங்கே யூத ஆலயத்தில் சமையல் பொறுப்பில் இருக்கிற ஃபான்யா அம்மாவிடம் வாய் பொறுக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அடி பைத்தியமே! கொதிக்க வெச்ச ஒயின்னு புட்டியிலயே போட்டு விக்கிறானே, அத யார் தொட்டா என்ன? எங்க வீட்டுல எதிர்வீட்டுப் பாதிரியார் ஊத்துறாரு, நாங்க குடிக்கிறோம். இதுக்கா ஒரு வருஷமா மூக்கச் சிந்திட்டிருக்க?" என்றார்.

உடனே ரூபெனைக் கூப்பிட்டேன். அவனுக்குத் தெரியுமாம்! "தெரியும்மா. ஆனா கொதிக்க வைக்காத ஒயின்தான் மேலானது, பஸ்காவுக்கு மேலானதத்தான் வைக்கணும்னு ஆசிரியர் சொல்லியிருக்காரு" என்கிறான். அப்படியானால் தாத்தா? என்று கேட்டேன். "ஆசிரியர் எழுதினா செய்றேம்மா" என்றான். பெற்றவள் சொன்னால் போதாது பாருங்கள்.

நீங்கள் எது மேலானது என்று சொன்னீர்கள். எந்த வீட்டில், எந்த மேசையில், யாரை எழுப்பிவிட்டு என்று நீங்கள் கேட்கவில்லை. பாதி சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிப் போய்விட்டீர்கள் ஐயா. மீதியோடு நாங்கள் குடித்தனம் நடத்துகிறோம்.

பஸ்காவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ரூபெனுக்கு ஒரு வரி எழுதுங்கள். ஹால்வார் மறுபடி எங்கள் மேசையில் உட்கார்ந்து ஊற்ற வேண்டும், என் பிள்ளை அதைக் குடிக்க வேண்டும், அவன் அப்பா அதைப் பார்க்க வேண்டும். உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான். உங்கள் பிள்ளைகள் உங்களைவிட்டுத் தூரமாகாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

ஹென்னி காப்லான்

*

ஹெஸ்தவிக்
ஏப்ரல் 1996

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நீங்கள் எழுதிவிட்டீர்கள். ஒரு வரி கேட்டேன், மூன்று பக்கம் எழுதியிருந்தீர்கள். ரூபென் காட்டினான். ஒரு மனிதனை அவமானப்படுத்துவதைவிடக் கொதித்த ஒயின் எத்தனையோ மேல் என்றும், அதை முன்பே சொல்லாதது உங்கள் பிழை என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. போன கடிதத்தில் நான் வாய்க்கு வந்தபடி பேசியிருந்தேன். அதற்காக மன்னிப்புக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்டால் அது பொய்.

பஸ்காவுக்கு முந்தின நாள் ரூபென் வந்தான். பையில் கொதிக்க வைத்த ஒயின் புட்டிகள். அப்பாவிடம் அவனே போய், "நான் தாத்தாவக் கூட்டிட்டு வரேம்ப்பா" என்றான். யூலியுஸ் தலையை ஆட்டினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே மேசையில் காப்பி குடித்தார்கள். நான் அடுப்பங்கரையில் நின்று உங்களை வாழ்த்தினேன், நிஜமாகவே வாழ்த்தினேன்.

மறுநாள் ரூபென் போய் ஹால்வாரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். மனைவி சாவுக்குப் பிறகு அவர் கழுத்தில் டை கட்டி நான் பார்த்ததில்லை, அன்று கட்டியிருந்தார். என் அடுப்பங்கரைத் தொட்டியில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். துடைத்தார். என்ன நினைத்தாரோ, மறுபடியும் சோப்பெடுத்து மணிக்கட்டு வரைக்கும் கழுவினார்.

உட்கார்ந்தோம். ரூபென் புட்டியை எடுத்து, "தாத்தா, இது கொதிக்க வெச்சது. இத நீங்க ஊத்தலாம், சட்டத்துல இடம் இருக்கு" என்றான். பிள்ளை ஆசையாகத்தான் சொன்னான், ஐயா. புட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

ஹால்வார் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "வேணாம்பா. எனக்கு இதெல்லாம் வெளங்காது, எங்கயாவது தப்பாயிடப்போவுது. ஒங்களுக்குப் பெரிய நாளு, என்னால கெட்டுப்போக வேணாம். நீயே ஊத்து" என்றார்.

குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கோபித்துக் கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் எங்களுக்கு நல்லதுதான் நினைத்தார். நாங்கள் கெஞ்சினோம். யூலியுஸ், "ஹால்வார், எனக்கு ஊத்து. எனக்குச் சட்டமெல்லாம் வேணாம், ஊத்து" என்று கேட்டார். "பையன் படிச்சவன் யூலியுஸ், அவன் ஊத்தட்டும்" என்று யூலியுஸின் தோளைத்தான் தட்டினார், கை திரும்ப மேசைக்கடியில் போய்விட்டது. கடைசியில் ரூபென்தான் எல்லோருக்கும் ஊற்றினான். அவர் கோப்பையிலும் ஊற்றினான். "ரொம்ப நன்றி" என்றார் ஹால்வார். எங்கள் வீட்டில் அவர் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லை. நன்றி சொல்லும் உறவா அது?

அவர் போன பிறகு ரூபென் பாத்திரம் துலக்குகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான். "எல்லாம் சரியாத்தானம்மா செஞ்சேன்" என்றான். அழுதான். ஆமாம்டா, எல்லாம் சரியாகத்தான் செய்தாய் என்றேன். வேறென்ன சொல்ல? இருபது வயதுப் பிள்ளை, நான் அடிக்கவா முடியும்?

அவன் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டான். யூலியுஸ் அவனோடு பேசுகிறார், அந்த மட்டும் உங்கள் கடிதத்துக்குப் பலன். ஹால்வார் இப்போது கூப்பிட்டால் வீட்டுக்குள் வருகிறார். வந்து எதையும் தொடுவதில்லை. முன்பெல்லாம் என் அலமாரியைத் திறந்து தானே ரொட்டி எடுத்துத் தின்கிற மனிதர், இப்போது சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தக்கூட என்னைக் கேட்கிறார்.

உங்களுக்கு எங்களைப் போல எத்தனையோ ஊர். எத்தனையோ தீவு, எத்தனையோ துறைமுகம். ஒவ்வொன்றிலும் எங்களைப் போல இரண்டு வீடு, மூன்று வீடு இருக்கும். அந்த வீடுகள் இன்றைக்கும் இருப்பதற்குக் காரணமான ஒரு ஹால்வாரும் பக்கத்தில் இருப்பார். போகிற இடத்தில் பிள்ளைக்கு எழுத்தைச் சொல்லித்தருவதற்கு முன் அவர் யார் என்று கேளுங்கள்.

கோடையில் இந்தப் பக்கம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள், கதவு திறந்தே இருக்கும். எங்கள் வீட்டுக்கு வருமுன் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். கையோடு ஒரு புட்டி கொண்டுபோங்கள், எந்த ஒயின் என்று உங்களுக்கே தெரியும். அவரிடம் சட்டம் எதையும் விளக்காதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். அவர் மேசையில் உட்கார்ந்து புட்டியை அவர் பக்கம் வைத்துவிட்டு, உங்கள் கோப்பையை நீட்டுங்கள். அவர் மாட்டேன் என்பார். சீக்கிரம் கையை மடக்கிவிடாதீர்கள் ஐயா. அவருக்கு எழுபத்தாறு வயது.

கடவுள் உங்கள் கைக்குப் பலம் தரட்டும்.

ஹென்னி காப்லான்