சோபா திறந்துவைத்த உயர்நிலைப் பள்ளி

அனுப்புநர்
மெத்தை, சோபா வியாபாரி,
புதிய உயர்நிலைப் பள்ளிக்கு நேர் எதிர்க் கடை.

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: பள்ளியை அனுமதியின்றித் திறந்துவைத்ததாக எனக்கு வந்த நோட்டீசுக்கு விளக்கமும், திறந்தது திறந்ததாகவே இருக்கட்டும் என்ற வேண்டுகோளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. "எந்த அதிகாரத்தின் பேரில் தாங்கள் பள்ளியைத் திறந்துவைத்தீர்கள்?" என்று தங்கள் நோட்டீசு கேட்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். அப்படிப்பட்டவனைப் பள்ளி திறந்தவன் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதியதற்கு முதலில் நன்றி. என் மனைவி அதைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்கிறாள். ஆனால் வியாபாரத்தில் நான் பொய் சொன்னதில்லை, இதிலும் சொல்ல மாட்டேன். பள்ளியைத் திறந்தது நான் இல்லை. மூன்று பேர் உட்காரும் சோபா.

2. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒன்பதும் பத்தும் படிக்கப் பதினான்கு கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வந்தார்கள். இந்த வருடம் புதுப் பள்ளி கட்டி முடிந்தது. ஐம்பத்தெட்டு பேரும் பழைய பள்ளியில் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். என் மகள் பத்தாம் வகுப்பு. வாசல் தூண்கள் இரண்டுக்கும் நடுவே சிவப்பு ரிப்பனும் கட்டியாகிவிட்டது. சிறப்பு விருந்தினர் வந்து அதை வெட்டும்வரை வகுப்பு நடத்தக் கூடாது என்பது தங்கள் உத்தரவு. விருந்தினர் மூன்று முறை தேதி கொடுத்தார், மூன்று முறையும் வரவில்லை.

3. தலைமை ஆசிரியை அம்மா என் கடைக்கு வந்து, "ரெண்டே நாள்தான் அண்ணே, உங்க குடோன்ல பிள்ளைங்க உக்காந்துக்கட்டும்" என்றார். ஐயா, இன்றோடு முப்பத்தொன்பது நாள். குடோனில் இருப்பது மெத்தை. பிள்ளைகள் உட்காருகிறார்கள், பிறகு சாய்கிறார்கள், பிறகு வரலாற்று ஆசிரியர் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு வாடிக்கையாளர் இரட்டை மெத்தை ஒன்றில் படுத்துப் பார்த்தார். கணக்கு ஆசிரியர் அவரையும் மாணவர் என்று நினைத்து எழுப்பிக் கேள்வி கேட்டார். பதில் தெரியாமல் போனவர் இந்தப் பக்கமே திரும்பி வரவில்லை. பிள்ளையைக் கூப்பிட வந்த பெற்றோர் நாலு பேர் மெத்தை வாங்கினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

4. இனி சோபா. விருந்தினர் உட்காருவதற்காக என் கடையிலிருந்து இரவலாகக் கொடுத்தது. ரிப்பன் கட்டுவதற்கு முன்பே உள்ளே போய்விட்டது. மூன்றாவது தேதியும் தள்ளிப்போனதும், கல்யாண வீட்டார் ஒருவர் கேட்டதால் அதை விற்றுவிட்டேன். எடுத்துவரப் போனால் பள்ளியின் பக்கவாட்டு வாசல் இரண்டரை அடி, சோபாவின் அகலம் மூன்றடி. சாய்த்தாலும் வராது, நிறுத்தினாலும் வராது. காவலாளி ரிப்பனை ஒரு குச்சியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "குனிஞ்சு வாங்கண்ணே, ரிப்பனத் தொடாம வாங்க" என்றார். சுமைகூலிக்காரர் முன்னால், நான் பின்னால், இருவரும் தவளை மாதிரி வந்தோம். பாதி வழியில் காவலாளிக்குத் தும்மல் வந்தது. குச்சி விழுந்தது, ரிப்பன் சோபாவின் கைப்பிடிக் குமிழில் மாட்டியது, அறுந்தது.

5. இது நடந்தது காலை ஒன்பது மணிக்கு. அப்போது பிள்ளைகள் என் கடை வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். ரிப்பன் விழுந்த உடனே கைதட்ட வேண்டும், வரவேற்புப் பாட்டுப் பாட வேண்டும், குள்ளமானவர் முதலில் என்ற வரிசையில் உள்ளே போய் உட்கார வேண்டும் என்று விளையாட்டு ஆசிரியர் ஒரு மாதமாகத் தினமும் பழக்கியிருந்தார். நன்றாகவே பழக்கியிருக்கிறார். ரிப்பன் விழுந்தது, கைதட்டினார்கள், பாடினார்கள். 'வருக வருக' என்று அவர்கள் பாடியபோது சோபா வெளியே போய்க்கொண்டிருந்தது. தலைமை ஆசிரியை "நில்லுங்க, நில்லுங்க" என்று கூவினார். ஒத்திகையில் அப்படி ஒரு கட்டம் இல்லாததால் யாரும் நிற்கவில்லை.

6. நான் ரிப்பனை முடிச்சுப் போட்டுக் கட்டப் பார்த்தேன், உண்மை. காவலாளிதான், "அறுந்த ரிப்பன வெட்டவாண்ணே அவரு அவ்வளவு தூரம் வருவாரு?" என்றார். நியாயமாகப் பட்டது, விட்டுவிட்டேன்.

7. அன்று மூன்று பாடவேளை நடந்தது. மெத்தையில் முடியாத ஒரு பாடத்தைக் கணக்கு ஆசிரியர் முதல் வேளையிலேயே முடித்தார். மதியம் சாப்பிட வந்த என் மகள், "பெஞ்சுல உக்காந்தா முதுகு வலிக்குதுப்பா. ஆனா புரியுது" என்றாள். இருபத்திரண்டு வருடமாக முதுகு வலிக்காமல் இருக்கப் பொருள் விற்கிறவன் நான். பிற்பகல் தங்கள் அலுவலர் வந்து பிள்ளைகளை வெளியேற்றிப் பூட்டினார். கல்யாண வீட்டுக்கு அனுப்பக் கடை வாசலில் வைத்திருந்த சோபாவையும் சாட்சிப் பொருள் என்று பள்ளிக்குள்ளே தூக்கி வைத்துப் பூட்டினார். அதை எந்த வாசல் வழியாகக் கொண்டுபோனார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. திறக்காத பள்ளியிலிருந்து பட்டியல் போகாதாம். பழைய பள்ளியிலும் இவர்கள் பெயர் இல்லை. இருபத்தாறு பிள்ளைகள் ஒரு வருடத்தை இழப்பார்கள், என் மகளும் ஒருத்தி.

9. ஆகவே அறுந்தது அறுந்ததுதான், பள்ளி திறந்தது திறந்ததுதான் என்று ஓர் உத்தரவு கொடுங்கள். திறந்துவைத்தவர் பெயர் கல்வெட்டுக்கு வேண்டுமென்றால், முறைப்படி முதலில் வெளியே வந்தவர் சுமைகூலிக்காரர். கேட்டேன், "கல்லுல போட்டோவும் வருமாண்ணே?" என்றார். வேண்டாம் என்றால் விருந்தினர் பெயரையே போடுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அவருக்கு வெட்டத்தான் வேண்டுமென்றால் அறிவியல் கூடம் இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது. ஒன்பது அடி ரிப்பனும், மெத்தைத் துணி வெட்டும் கத்தரியும் என் செலவில் தருகிறேன். என்றைக்கு வேண்டுமானாலும் வரட்டும்.

10. இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். எழுத்து நெளிந்திருந்தால் மன்னிக்கவும், கீழே பஞ்சு. எட்டாம் பத்திக்குப் பிறகு அவளும் தூங்கிவிட்டாள், மீதி என் கையெழுத்து. குடோனில் இப்போது பதினேழு பிள்ளைகள் தூங்குகிறார்கள், கணக்கு ஆசிரியரோடு பதினெட்டு. ஒருவரையும் எழுப்ப முடியவில்லை. என் மெத்தை அவ்வளவு தரம், ஐயா. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தப் பிள்ளைகளுக்குப் பெஞ்சு கொடுங்கள்.

இணைப்பு: அறுந்த ரிப்பன், இரண்டு துண்டு. குமிழ் சோபாவோடு தங்கள் காவலில் உள்ளது.

இடம்: பூட்டிய பள்ளிக்கு எதிரே
நாள்: பட்டியலுக்கு ஆறு நாள் முன்பு

பணிவுடன்,
(கையொப்பம்)
மெத்தைக் கடைக்காரர்