அப்பாவின் பிரேக் கால்

லகாட், பேராக்
16.8.1983

அன்புள்ள நவமணி அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி ஜெயபாலன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். அது பொய் என்பதால் அடுத்த வரிக்கு வந்துவிட்டேன். பயப்படாதே, யாரும் சாகவில்லை. ஆனால் இது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதும் வழக்கமான கடிதம் இல்லை. பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து தனியாக எழுதுகிறேன். நான் இவ்வளவு அமைதியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நூலகப் பொறுப்பாளர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார், பட்டாசு ஏதும் வைத்திருக்கிறேனோ என்று.

முதலில் நல்ல செய்தி. நீ இங்கிலாந்திலிருந்து அனுப்பிய தாதி உடுப்புப் படத்தை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை உனக்கும் சேர்த்துச் சாம்பிராணி. நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்று நான்தான் வாராவாரம் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

இனி கெட்ட செய்தி. போன வருடம் அப்பாவின் லோரி லைசென்சுக்கு மெடிக்கல் எடுத்தபோது, "இனிப்பு நீர் வியாதி கிடையாது, டாக்டரே கையெழுத்துப் போட்டுவிட்டார்" என்று உனக்கு எழுதினேன். கடவுள் காப்பாற்றினார் என்று நீ பதில் போட்டிருந்தாய். அக்கா, அதில் கடவுளுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அன்று டாக்டர் சோதித்தது என்னுடைய மூத்திரம்.

அப்பாவின் தாகத்தையும், ஓயாமல் எழுந்து எழுந்து போவதையும் பார்த்துவிட்டு நீ விமானம் ஏறும் முன்பே சோதித்துப் பார்க்கச் சொன்னாய். அவர் அசையவில்லை. பத்துமலை அண்ணனுக்கு நடந்தது தனக்கும் நடந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். சிம்பாங் பூலாய் கல்லுமலைக் குவாரியில் அப்பாவோடு லோரி ஓட்டியவர்தான் அவர். இனிப்பு நீரால் மெடிக்கலில் தேறாமல் போன பிறகு அதே லோரிகளைக் கழுவுகிறார். சாயங்காலம் லோரியை அவரிடம் கழுவ விட்டுவிட்டு இறங்கும்போது அப்பா அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

டாக்டர் இங்கிலீஷ்தான் பேசுவார் என்பதால் ஈப்போ கிளினிக்குக்கு நான் மொழிபெயர்ப்பாளனாகப் போனேன். கழிப்பறை வாசலில் அப்பா சின்னப் போத்தலை என் கையில் திணித்து, "டேய், நீ போயிட்டு வாடா. உன்னுது சுத்தமா இருக்கும்லா" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாத்தியார் நாற்காலியில் பசை தடவியவனுக்கு டாக்டரையே ஏமாற்றுவது என்றால் பதவி உயர்வு மாதிரி. "இன்னைலேருந்து நான்தான்பா நீர்ப்பாசன இலாகா" என்றேன். திரும்பும்போது பக்கீர் முகம்மது மாமா கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். "சர்க்காருக்குச் சர்க்கரை ஆகாதுலப்பா" என்று நான் சொன்னதும் அவருக்கு டீ புரையேறிவிட்டது.

அதுவரை எனக்கு அது குறும்புதான். அதன் பிறகு அந்தச் சான்றிதழை அம்மா நம்பினார், சரி. அப்பாவும் நம்பத் தொடங்கிவிட்டார், அக்கா! போத்தலில் இருந்தது யாருடையது என்று தெரிந்த மனிதர். நோய் இல்லை என்று முதலில் அம்மாவைச் சமாளிப்பதற்காகச் சொன்னார். பிறகு பக்கீர் மாமாவிடம் சொன்னார். கடைசியில் என்னிடமே, "டாக்டரே ஒண்ணும் இல்லைன்னுட்டாரு, அப்புறம் என்னாலா?" என்றார். கண் சிமிட்டுவார் என்று காத்திருந்தேன். சிமிட்டவில்லை. அம்மா காப்பியில் மறுபடி இனிப்புக் கட்டிப்பாலைத் தாராளமாக ஊற்றினார். வெள்ளிதோறும் கேசரி. நானும் பக்கத்தில் உட்கார்ந்து நக்கிச் சாப்பிட்டேன்.

மே மாதத்தில் ஒரு நாள் அப்பா வேலை முடிந்து உள்ளே வந்த வழியெல்லாம் சிமெண்டுத் தரையில் ரத்தம். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி வலது பாதத்தில் ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. அம்மா கத்திய பிறகுதான் குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். அந்தப் புண் ஆற வெகுநாள் ஆனது.

அப்புறம் ராஜு அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் அப்பாவின் கெலிண்டான், லோரியில் கூடவே போகிற உதவியாள். சித்தியவானுக்குக் கல் ஏற்றிப் போகும்போது ஒவ்வொரு இறக்கத்திலும், "அண்ணே, பிரேக்குல கால் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போகிறாராம். "இருக்குடா, எங்க ஓடிப்போயிரும்?" என்பாராம் அப்பா. ஆனால் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம்.

வழியில் அவசரத்துக்கு என்று அப்பா லோரியில் ஒரு போத்தல் வைத்திருப்பார். ராஜு அண்ணனிடம் கேட்டு அதில் கொஞ்சம் வாங்கிப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். சீனி இருக்கிறதா என்று பார்க்க அறிவியல் கூடத்தில் ஒரு நீல மருந்து உண்டு, உனக்குத் தெரியும். சதாசிவம் சார் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது ஒரு குழாயில் என்னுடையதையும் இன்னொன்றில் அப்பாவுடையதையும் ஊற்றிச் சூடாக்கினேன். வேடிக்கை காட்டப்போகிறேன் என்றுதான் கார்த்திகேசுவிடம் சொல்லி வைத்திருந்தேன். என்னுடையது நீலமாகவே நின்றது. அப்பாவுடையது பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. "என்னடா, இதுல எங்கடா ஜோக்கு?" என்று கார்த்திகேசு கேட்டான். குழாயைக் கழுவி வைத்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஊரில் எல்லா விஷயத்துக்கும் திறக்கிற வாய்.

கொஞ்ச நாளில், சிம்பாங் பூலாய் முச்சந்திக்கு முன்னால் அப்பாவின் லோரி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ஓரமாக இருந்த ஒரு சைக்கிள் மேல் ஏறித்தான் நின்றது. சைக்கிள் அப்பளம். அதில் வந்த சீனப் பையன் சண்டை மீன் பிடிக்கக் கால்வாயில் இறங்கியிருந்தான். பிரேக் எண்ணெய் கசிந்துவிட்டது என்று அப்பா சொன்னார். முதலாளி நம்பிவிட்டார். அந்தப் பையனுக்கு நம் பக்கத்து வீட்டுப் பாப்பா வயதுதான் இருக்கும் என்று மட்டும் ராஜு அண்ணன் சொன்னார்.

நேற்று மறுபடியும் மெடிக்கல். அதே கழிப்பறை வாசல், அதே மாதிரிப் போத்தல். நான் கையை நீட்டவில்லை. "எனக்கு வரலப்பா" என்றேன். "தண்ணி குடிலா" என்றார். "எவ்ளோ குடிச்சாலும் வராதுப்பா." புதுக் குறும்பு என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அறிவியல் கூடத்தில் பார்த்ததைச் சொன்னேன். "அந்தப் பையன் சைக்கிள் மேலயே உட்கார்ந்திருந்தா?" என்று கேட்டேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. போத்தலை எடுத்துக்கொண்டு அவரே உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. பாதத்தில் ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். மீதியை நான்தானே தமிழில் சொல்ல வேண்டும்? "இனிமே லோரி ஓட்டக்கூடாதுன்னு சொல்றாருப்பா" என்று என் வாயால் சொன்னேன். அப்பா டாக்டரைப் பார்க்காமல் என்னையே பார்த்துத் தலையாட்டினார்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. இந்த நோய் இப்போதுதான் வந்தது என்று அம்மா நினைக்கிறார். "நான்தான் கேசரி கிண்டிக் கிண்டிக் கொடுத்து வரவழைச்சிட்டேன்" என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறார். அப்பா வாய் திறக்கவில்லை. நானும்தான். உண்மையைச் சொல்ல அடுப்படி வாசல் வரை போய்ப் போய்த் திரும்பி வருகிறேன். அது அம்மாவால் வந்ததில்லை என்று நீ எழுதேன். தாதி சொன்னால் நம்புவார். உன் கடிதங்களைப் படித்துக் காட்டுவது நான்தான், தெரியுமல்லவா? என்னைத் திட்டுவதை வேறு தாளில் எழுதாதே. அதிலேயே எழுது. அம்மாவிடம் நடுவில் நிறுத்தாமல் படித்துவிடுகிறேன்.

இன்னொன்று. தினமும் யாராவது அவர் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நேற்றிலிருந்து அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நேற்றுச் சாயங்காலம் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அம்மா கிட்டே வந்தபோது வேண்டாம் என்று கை காட்டினார். என் பக்கம் காலை நீட்டினார். நான் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. விரல் இடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லைப்பா என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. என்ன பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாதே, அக்கா. எந்த நிறம் கெட்டது, எந்த வீக்கம் கெட்டது, எங்கே தொட்டுப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் எனக்குப் புரிகிற மாதிரி எழுது. சீக்கிரம் எழுது. இன்று சாயங்காலமும் காலை நீட்டுவார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் என்கிறாய், காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி ஜெயபாலன்