சஷ்டிப் பட்டினி இனி என் பங்கு

வில்பட்டி
7-12-1986

அன்பு மகள் வடிவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் காட்டில் கேரட்டும் சுகம். அங்கே மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும், ஆஸ்பத்திரியில் உறையவைத்து மிச்சமிருக்கும் அந்த ஒற்றைக் கருவும் சுகமாக இருக்கப் பழனியாண்டவன் துணை. உன் கடிதம் கிடைத்தது. கர்ப்பப்பையின் உள்படலம் மெத்தை போலத் தடிக்கவில்லை, அதனால் கருவை வைக்காமல் டாக்டரம்மா தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்று முதல் பக்கம் முழுக்க அழுதிருக்கிறாய். ஏன் தடிக்கவில்லை என்பதை மட்டும் கடைசி ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாய். கந்த சஷ்டி முழுவதும் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லையாம், மாத்திரை விழுங்கினாலும் விரதம் முறிந்துவிடும் என்று பழனியிலிருந்து உன் மாமியார் எழுதியிருந்தார்களாம். ரொம்ப நல்லது தாயே. படலம் தடிக்கத்தான் அந்த மாத்திரை. அதை நிறுத்திவிட்டு, ஏன் தடிக்கவில்லை என்று டாக்டரிடமே போய் நின்ற புத்திசாலி நீ ஒருத்திதான். இதற்குத்தான் கொடைக்கானல் கான்வென்ட்டில் படிக்கவைத்தோம். அந்த அம்மாளிடமாவது உண்மையைச் சொன்னாயா, இல்லை மருந்துதான் சரியில்லை என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்களா? மாப்பிள்ளை மட்டும் வேளாவேளைக்குக் கறியும் சோறும் சாப்பிட்டாராமே. சாப்பிடட்டும், உழைக்கிற உடம்பு.

கடிதத்தைப் படித்த மறுநாளே பஸ் ஏறிப் பழனிக்குப் போனேன். சம்பந்தியம்மா அடிவாரத்துக் கடையில் விபூதிப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார்கள். புள்ள பெறுற வரைக்கும் என் மருமக மாசாமாசம் சஷ்டி இருப்பான்னு முருகனுக்கு வாக்குக் குடுத்துட்டேங்க, மாறினா சாமி குத்தமாயிருங்க என்றார்கள். வாக்குக் கொடுப்பது ஒருத்தர், வயிறு காய்வது இன்னொருத்தர், நல்ல ஏற்பாடு. நானும் சிரித்த முகமாகவே கேட்டேன், பிள்ளைக்காக அப்பன் மொட்டை போடுறதை இங்க தெனமும் பாக்குறீங்களே, மகளுக்காக அம்மா பட்டினி கெடந்தா மட்டும் முருகன் வேண்டாம்னுருவாரா என்று. அப்ப நீங்களே இருங்க பாப்போம் என்றார்கள். வெள்ளனே கஞ்சி குடிக்காவிட்டால் எனக்குக் கை நடுங்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மலையேறி முருகனிடமும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே இனி உன் சஷ்டியெல்லாம் என்னுடையது. அடுத்த மாதம் மறுபடி மாத்திரை தொடங்கினால் ஒன்றுகூட விடக்கூடாது. உனக்குத் துணிச்சல் வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மாமியாருக்கே அனுப்பிவை, எனக்கொன்றும் இல்லை. ஏசியதற்கு வருத்தப்படாதே வடிவு. இருக்கிறது அந்த ஒன்றே ஒன்றுதான் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிடு, மறக்காதே. நீயும் மாப்பிள்ளையும் நிறைந்து வாழ வேண்டும்.

இன்றைக்குத்தான் என் முதல் சஷ்டி. உன் அப்பா எதிரே உட்கார்ந்து ரசித்து ரசித்துச் சாப்பிடுகிறார். எனக்குப் பசியில் காது அடைக்கிறது, எழுத்தும் கோணல் மாணலாகப் போகிறது. இந்நேரம் நீ சாப்பிட்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் அடங்குகிறது.

உன் அம்மா
பெருமாயி