ரெண்டு பங்கு சாப்பாடு

சின்னக்குட்டி,

அம்மா சுகம். கண் திறக்காமலே போன உன்னைச் சுகமான்னு கேட்கத் தெரியல. இதை உங்கப்பா நீ இருக்கிற மண்ணுகிட்ட உட்கார்ந்து படிப்பார்.

அப்பாவை ஊர்லயே விட்டுட்டு, மறுபடியும் டவுன் ஆஸ்பத்திரி சலவை வேலைக்கே வந்துட்டேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது. நேத்து ஒரே விரிப்பைப் பிரிச்சுப் பிரிச்சு மடிச்சேன். "என்னக்கா, அதைப் பொண்ணு பார்க்க வர்றாங்களா?"ன்னு கூட வேலை செய்யறவ கேட்டா. நானும் சிரிச்சேன்.

அப்புறம் டாக்டரம்மாவைப் பார்த்து, துணிமூட்டை தூக்கினதாலதான் நீ போனியான்னு கேட்டுட்டேன். "இல்லம்மா. கருப்பையில, நோய் அண்டாம காவல் காக்கிற அணுக்கள் இருக்கு. கரு தங்கினா, ரத்தக்குழாய் அகலமாகறதுக்கு அதுங்கதான் உதவணும். உனக்கு அது சரியா நடக்கல போல. அதான் பிரஷரும் ஏறிச்சு, பிள்ளைக்கும் ஆகாரம் போய்ச் சேரல"ன்னாங்க.

மூட்டை காரணம் இல்லைன்னதும் மனசு ஆறும்னு நினைச்சேன். ஆறல. உனக்கும் சேர்த்துத்தானே ரெண்டு பங்கு சாப்பிட்டேன்.

உன் மஞ்சத் தொப்பியை யாருக்கும் குடுத்துடாம எனக்கு அனுப்பச் சொல்லு அப்பாவை. நேரத்துக்குச் சாப்பிடவும் சொல்லு. வேலைக்கு மணி அடிச்சாச்சு. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன் சாமி, உள்ளே இருந்தப்போ உனக்குப் பசிச்சுதா?