ஒளித்து வைத்த கேக் மாவு டப்பா

என் தங்கமான அம்மிணிக்கு,

நீ போய் ஒரு வருடமும் எட்டு நாளும் ஆகின்றன. நலமா என்று கேட்க வாய் வரவில்லை, அதனால் விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாயே, அதை நான் காப்பாற்றவில்லை. உன் குக்கீஸ் எல்லாம் கடையில் விற்கும் கேக் மாவு டப்பாவில் செய்தவை என்று இப்போது நம் ஊர் வடகரப்பதியில் பாதிப் பேருக்குத் தெரியும். கோபப்படு. முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

உனக்குச் சமையல் வராது. இதைச் சொன்னால் நீயே சிரிப்பாய். சின்ன வயதிலிருந்து ஹாஸ்டல் சோறு, கல்யாணத்துக்குப் பிறகு கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. காலையில் வேன் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவாய். உன் சாம்பாரை நானும் நம் மகள் காவ்யாவும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவோம். என் அக்கா எதிர்வீடாயிற்றே, அவள் பேசாமல் இருப்பாளா? "உன்ற பொண்டாட்டி சுடுதண்ணி வெக்கோணும்னாலும் புஸ்தகம் பாத்துத்தான் வெப்பா போலிருக்குதுடா தம்பி" என்று நாலு பேர் இருக்கும்போதுதான் சொல்வாள். நாலு பேரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்து மழுப்புவேன்.

அப்புறம்தான் உன்னோடு வேலை செய்த மலையாளத்து அக்கா ஒருத்தி அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தாள். கேக் மாவு டப்பா ஒன்று. அட்டையில் போட்டிருக்கிறபடி பாலோ தண்ணீரோ விடக் கூடாது. இரண்டு முட்டை, அரை டம்ளர் எண்ணெய், அவ்வளவுதான். பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டித் தட்டில் வைத்து, ஓணம் போனஸில் நீ வாங்கிய சின்ன ஓவனில் பத்து நிமிடம். மேலே கீறல் விழுந்து, நடுவில் மெத்தென்று, முதல் தடவையே அழகாக வந்தது. எதிர்வீட்டிலிருந்து என் அக்கா வந்து இரண்டு தின்றாள், மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் பால் சொசைட்டியில் "என்ற தம்பி பொண்டாட்டி பிஸ்கட்டு செஞ்சா கடையே தோத்துப்போவுது" என்றாளாம். ஊருக்கெல்லாம் சொன்னவள் உன்னிடம் மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஏனுங்க, டப்பா விசயம் உங்கக்காவுக்குத் தெரியவே கூடாதுங்க. எனக்குன்னு இந்த ஊருல இருக்கற ஒரே நல்ல பேருங்க." அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் அட்டையைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போடுவாய். உள்ளே இருக்கும் உறையை மடித்துப் பால் கவருக்குள் திணித்து, பஞ்சாயத்திலிருந்து பிளாஸ்டிக் எடுக்க வரும் பெண்களிடம் கொடுப்பாய். திருட்டுச் சாமானைக்கூட யாரும் அப்படி ஒளித்திருக்க மாட்டார்கள். எனக்கு அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். ஏழாம் நாள் உன்னைத் துணி போர்த்திக் கொண்டுவந்தோம். அதை உனக்கு எழுத வேண்டியதில்லை.

காவ்யாவைப் பற்றி எழுதுகிறேன். பத்தாவது படிக்கிறாள். உன் உயரம் வந்துவிட்டது. நீ போன நாளிலிருந்து அவள் அழவே இல்லை, அதுதான் எனக்குப் பயம். வருஷப் படையல் நெருங்கியதும், "அம்மாவோட குக்கீஸ் நாந்தான் செஞ்சு வெப்பேன்" என்று பிடிவாதம் பிடித்தாள். "பேக்கரில வாங்கிக்கலாம் கண்ணு" என்று அக்கா சொல்லியும் கேட்கவில்லை. மைதா, வெண்ணெய், சர்க்கரை என்று போனில் பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஒருநாள் கல்லு, ஒருநாள் கருகல். நான்காம் தடவை தட்டோடு கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டாள். "எனக்கு அம்மா கை வரவே மாட்டீங்குதுப்பா. அம்மாகிட்ட இருந்து எனக்கு ஒண்ணுமே வரல."

நான் என்ன செய்யட்டும், சொல்? உண்மையைச் சொன்னால் உன் பேர் போகும். சொல்லாவிட்டால் குழந்தை உடைந்துபோவாள். எப்போதும் செய்வதைத்தான் செய்தேன், இரண்டு பக்கமும் நழுவப் பார்த்தேன். கஞ்சிக்கோட்டில் ஒரு டப்பா வாங்கி, அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது மைதா டின்னைக் காலி செய்து அதில் கொட்டிவைத்தேன். கேக் மாவில் சர்க்கரை முன்பே கலந்திருக்கிறது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. அவள் வழக்கம்போல ஒரு டம்ளர் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்தாள். உருண்டையெல்லாம் உருகி ஓடித் தட்டு முழுக்க ஒரே தோசையாகிவிட்டது.

அவள் அந்தத் தோசையைக் கண்டுகொள்ளவில்லை. டின்னைத் திறந்து மோந்து பார்த்தாள். "ஏனுங்கப்பா, மைதாவுல எப்புடி ஐஸ்கிரீம் வாசம் வருது?"

மாட்டிக்கொண்டேன் அம்மிணி. டப்பா, அடுப்பில் எரிந்த அட்டை, நான் செய்த சத்தியம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அப்ப அம்மாவும் என்னையாட்டந்தானாப்பா? அம்மாவுக்கும் ஒண்ணும் வராதா?"

"வராது கண்ணு."

தரையில் உட்கார்ந்து அழுதாள் பார், ஒரு வருடத்து அழுகை. நடுநடுவே சிரிக்கவும் செய்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, இன்னொரு டப்பா வாங்கித் தரச் சொன்னாள்.

படையலன்று உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறு, கோழிக்குழம்பு, பக்கத்தில் குக்கீஸ் வைத்தோம். உடைந்ததாகப் பார்த்து இரண்டு எடுத்து வைத்தாள். முழுசையெல்லாம் எங்களுக்குக் கொடுத்துவிட்டு நீ உடைந்ததைத்தானே தின்பாய், அதை மறக்காமல் வைத்திருக்கிறாள். கும்பிட்டு முடிந்ததும் அக்கா ஒன்றைக் கடித்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ கை அப்படியே உனக்கு வந்துருக்குது கண்ணு."

"கையெல்லாம் இல்லீங்கத்தை. கடையில விக்கிற டப்பா மாவுங்க. அம்மாவும் இதுலதான் செஞ்சாங்க." வீடு நிறைய ஆள் இருக்கும்போது, பெருமையாகச் சொன்னாள் உன் மகள்.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதைய எதுக்கு ஒளிக்கோணும்? அவ என்ன கொலையா பண்ணிப்போட்டா?"

கல்யாணமாகிப் பதினேழு வருடம் கழித்து அப்போதுதான் என் வாய் திறந்தது. "உன்ற வாய்க்குப் பயந்துதான்க்கா ஒளிச்சா. நீ பேசறப்பெல்லாம் நானும் கூட நின்னு சிரிச்சேன். அதனாலதான் ஒளிச்சா."

கையிலிருந்த மீதியை வாயில் போடவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் அக்கா உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "நல்லா இருக்குதுன்னு நா ஒருக்காவாச்சும் சொல்லியிருக்கலாமே" என்றாள். எங்களிடம் சொன்னாளா, உன்னிடம் சொன்னாளா, தெரியவில்லை. உனக்குக் கேட்டதா?

சொல்லிவிட்டால் மனது லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. "அப்படிப் பேசாதக்கா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நீ அடுப்படியில் நின்று அந்தச் சிரிப்பையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ எதற்காக எதையும் ஒளிக்க வேண்டும்? அக்காவின் குற்றத்தைவிட என் குற்றம்தான் பெரிது.

காவ்யா நாளைக்குக் கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குப் போவாள். அவள் வடிக்கும் சோறு குழையும், சாம்பார் நீர்த்துப்போகும், நாலு பேர் முன்னால் யாராவது ஏதாவது சொல்வார்கள். அன்றைக்கு நான் சிரிக்க மாட்டேன். அந்த இடத்திலேயே, அவள் காதால் கேட்கும்படி பேசுவேன். முதல் சத்தியத்தை உடைத்தவன் என்று நினைக்காதே, இதை உடைக்க மாட்டேன் அம்மிணி.

உனக்காகப் பேச வேண்டிய காலத்தில் பேசாமல் இருந்த,
உன் ஊட்டுக்காரன்,
காவ்யாவின் அப்பா.